மொரீஷியஸ் காற்றில் ட்ரோன் பழகுவது: மூன்று விபத்துகளும் அவற்றின் காரணங்களும்

நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களும் தொடர்ந்து படிக்க வசதியாக இருக்கும். 249 கிராம் எடையுள்ள சின்ன கேமரா ட்ரோன் ஒன்று வாங்கியிருக்கிறீர்கள். கேத்ர் போர்னில் உங்கள் வீட்டு மொட்டை மாடியிலிருந்து முதன்முதலாகத் தூக்கியபோது அது நின்ற இடத்தில் நிற்காமல் வட்டமடிக்க ஆரம்பித்து, வட்டம் பெரிதாகிப் பெரிதாகித் தண்ணீர்த் தொட்டியில் மோதியது. அடுத்தது கடற்கரைச் சவுக்குத் தோப்பில். ட்ரோனைப் புறப்பட்ட இடத்துக்குத் தானாகத் திரும்பவைக்கும் ரிட்டர்ன் டு ஹோம் பொத்தானை அழுத்தினீர்கள். ட்ரோன் நேராக வந்து ஒரு சவுக்கு மரத்தின் உச்சிக் கிளையில் சிக்கியது. மூன்றாவது மேற்குக் கரையில், ஃப்ளிக்-ஆன்-ஃப்ளாக்கில். கரையில் காற்றே இல்லை, பேட்டரியும் பாதிக்கு மேல் இருந்தது. ஆனாலும் கடல்மேல் போன ட்ரோன் திரும்பி வர முடியாமல் கரைக்குக் கொஞ்ச தூரத்தில் தண்ணீரில் இறங்கிவிட்டது, ஒரு மீனவர் எடுத்துக் கொடுத்தார். “எனக்கு இது கைவராது போலிருக்கிறது, விற்றுவிடலாமா? அல்லது வரும் தைப்பூசக் காவடியைப் படம்பிடிக்கும் அளவுக்காவது தேறிவிட முடியுமா?” என்று கேட்கிறீர்கள்.

விற்க வேண்டாம். நீங்கள் சொன்ன மூன்றிலும் ரிமோட்டின் ஸ்டிக்கைத் தப்பாகத் தள்ளியதால் நடந்த விபத்து ஒன்றுகூட இல்லை. மூன்றுமே இந்தத் தீவில் அடிக்கடி நடப்பவை. ட்ரோன் பழுது பார்க்கும் என் மேசைக்கு வருபவற்றில் பெரும்பகுதி இந்த மூன்று காரணங்களில் ஏதோ ஒன்றால்தான் வருகிறது: கான்கிரீட் மாடி, சவுக்கு மரம், தென்கிழக்குக் காற்று. இணையத்தில் கிடைக்கும் பாடங்கள் பெரும்பாலும் பரந்த புல்வெளியில் நின்று சொல்லிக்கொடுப்பவை. தீவில் பறக்கவிடுகிறவருக்கு முதலில் தெரிய வேண்டியது ரிமோட் அல்ல, காற்று. அதனால் உங்கள் மூன்றாவது விபத்திலிருந்தே தொடங்குகிறேன்.

இங்கே வருடத்தின் பெரும்பகுதி காற்று தென்கிழக்கிலிருந்துதான் வீசுகிறது. மே மாதத்துக்கு மேல் வலுக்கும். ஜூலை, ஆகஸ்டில் உச்சத்தில் இருக்கும். பெல் மார் போன்ற கிழக்குக் கரையில் நின்றால் அது கடலிலிருந்து நேரே முகத்தில் அடிக்கும், தொப்பி பறக்கும். அங்கே யாரும் புது ட்ரோனை வெளியே எடுக்கத் துணிவதில்லை. மேற்குக் கரைக்கு வந்தால் கதையே வேறு. ஃப்ளிக்-ஆன்-ஃப்ளாக், தமாரின் எல்லாம் மலைகளுக்குப் பின்னால் ஒதுங்கிய இடங்கள். கோர் த கார்த், ரெம்பார், த்ருவா மாமெல் மலைகள் காற்றை மறித்து நிற்கின்றன. மணலில் நிற்கும் உங்களுக்குச் சட்டை நுனிகூட அசையாது. ஆனால் காற்று நின்றுபோய்விடவில்லை. உங்கள் தலைக்கு மேலாகத் தாண்டிப் போய், சில நூறு மீட்டர் தள்ளிக் கடல்மேல் மறுபடி இறங்குகிறது. அது வீசும் திசையைக் கவனியுங்கள்: நிலத்திலிருந்து கடலுக்கு.

அதாவது அமைதியாகத் தெரியும் மேற்குக் கரையில்தான் காற்று உங்கள் ட்ரோனை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கிறது. முரட்டுத்தனமாகத் தெரியும் கிழக்குக் கரையில், ஏதாவது தவறினால் அதே காற்று ட்ரோனைக் கரைப்பக்கம் கொண்டுவந்து சேர்க்கும். இந்த ஒரு விஷயம் மனதில் பதிந்துவிட்டால் மொரீஷியஸில் ட்ரோன் ஓட்டுவதில் பாதி பிடிபட்ட மாதிரி.

கணக்கைப் பாருங்கள். டிஜேஐ மினி 2 போன்ற ஒரு ட்ரோனுக்கு நார்மல் மோடில் அதிகபட்ச வேகம் விநாடிக்கு 10 மீட்டர், ஸ்போர்ட் மோடில் 16 மீட்டர். காற்று விநாடிக்கு 8 மீட்டர் வேகத்தில் வீசுகிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 29 கிலோமீட்டர், இங்கே குளிர்காலத்தில் சர்வசாதாரணம். போகும்போது காற்று முதுகில் இருக்கிறது. ஒரு கிலோமீட்டரை இரண்டு நிமிடத்துக்குள் கடந்துவிடுவீர்கள், பேட்டரியில் சொற்பம்தான் குறைந்திருக்கும். திரும்பும்போது 10 மீட்டரில் 8 கழிந்துவிடுகிறது. மீதி விநாடிக்கு 2 மீட்டர். அதே ஒரு கிலோமீட்டருக்கு 500 விநாடி, எட்டு நிமிடத்துக்கும் மேல். அந்த எட்டு நிமிடமும் மோட்டார்கள் முழுமூச்சாக உழைப்பதால் பேட்டரி கடகடவென்று இறங்கும். காற்று இன்னும் கொஞ்சம் கூடி 10 மீட்டரைத் தொட்டால் ட்ரோன் முன்னோக்கிச் சாய்ந்தபடி ஒரே இடத்தில் நிற்கும். திரையில் வீடியோ ஓடிக்கொண்டே இருக்கும், ஆனால் கரை நெருங்காது. உங்களுக்கு நடந்தது இதுதான். பெட்டியில் போட்டிருக்கும் 31 நிமிடம் என்பது காற்றே இல்லாத இடத்துக்கான எண். பேட்டரி சதவீதம் எவ்வளவு தூரம் திரும்பி வரலாம் என்று சொல்வதில்லை. எதிர்காற்று எவ்வளவு என்று தெரிந்தால்தான் அந்தச் சதவீதத்துக்கே அர்த்தம்.

கரையில் நின்றுகொண்டே மேலே உள்ள காற்றை எப்படி அறிவது? சவுக்கு மரத்தின் அடிக்கிளைகளைப் பார்க்காதீர்கள், உச்சியைப் பாருங்கள். பவளத் திட்டுக்கு அப்பால், அலை உடையும் கோட்டையும் தாண்டிப் பார்வையை ஓட்டுங்கள். அங்கே கடல் முழுக்க வெள்ளை நுரைத் தலைகள் தெரிந்தால் காற்று போஃபர்ட் அளவுகோலில் ஏறக்குறைய ஐந்தாம் நிலையில் இருக்கிறது, அதாவது விநாடிக்கு 8 முதல் 10.7 மீட்டர். சின்ன ட்ரோன்களுக்குத் தயாரிப்பாளர் சொல்லும் தாங்கும் எல்லையும் இதே ஐந்தாம் நிலைதான். கரையோரத் தண்ணீரை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. நிலத்திலிருந்து வீசும் காற்றுக்கு அங்கே அலை எழுப்பத் தூரம் போதாது, தண்ணீர் கண்ணாடி மாதிரி கிடக்கும். சற்றுத் தள்ளிக் கருநிறத்தில் சிலிர்த்துக்கொண்டு ஓடும் பட்டைகள் தெரிகின்றனவா என்று பாருங்கள். காற்று இறங்கும் இடம் அது. கோடைக்காலப் பிற்பகல்களில் மேற்குக் கரையில் கடற்காற்று கிளம்பி எதிர்த்திசையிலும் வீசும். அதனால் காலையில் பார்த்ததை வைத்து மாலையில் பறக்கவிட வேண்டாம்.

பிறகு ட்ரோனையே கேளுங்கள். தலைக்கு நேர்மேலே 30 மீட்டர் உயர்த்தி, இரண்டு ஸ்டிக்கையும் விட்டுவிட்டு ஒரு நிமிடம் சும்மா நில்லுங்கள். ஜிபிஎஸ் பிடிப்பில் இருக்கும் ட்ரோன் இடம் மாறாமல் இருக்கக் காற்றுக்கு எதிராகச் சாய்ந்துகொள்ளும். அண்ணாந்து பார்த்தால் அந்தச் சாய்வு கண்ணுக்கே தெரியும். அதிகமாகச் சாய்ந்து, மோட்டார் சத்தம் ஏறி இறங்கிக்கொண்டிருந்தால் அன்றைக்கு இறக்கிப் பையில் வைத்துவிடுங்கள்.

முதலில் காற்றை எதிர்த்துப் போ, திரும்பும்போது காற்றோடு வா என்று எல்லோரும் சொல்வார்கள். நல்ல விதிதான். ஆனால் ஃப்ளிக்-ஆன்-ஃப்ளாக்கில் காற்றை எதிர்த்துப் போவது என்றால் வீடுகள், ஹோட்டல்கள், சாலைக்கு மேலாகப் போக வேண்டும், கூடாது. ஆகவே மேற்குக் கரையில் கரைக்கு இணையாகவே பறக்கவிடுங்கள். கடலுக்குள் 150, 200 மீட்டருக்கு மேல் போகாதீர்கள். பேட்டரி 60 சதவீதத்தில் இருக்கும்போதே திரும்பிவிடுங்கள். கையில் பிடிபடும்வரை இது போதும், நல்ல படங்களும் இந்தத் தூரத்துக்குள்ளேயே கிடைக்கும்.

மறுபடி அதே மாதிரி மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்றும் தெரிந்திருக்க வேண்டும். பயத்தில் எல்லோரும் அழுத்துவது ரிட்டர்ன் பொத்தானை. ட்ரோன் உடனே உயரம் ஏறும், மேலே காற்று இன்னும் பலமாக இருக்கும், ஏறவும் பேட்டரி செலவாகும், வருவதும் ஸ்போர்ட் வேகத்தில் அல்ல. அதை ரத்து செய்யுங்கள். உயரத்தைக் குறையுங்கள், கடல் மட்டத்துக்கு அருகில் காற்றின் வேகம் குறைவு. ஆனால் 5 மீட்டருக்குக் கீழே போக வேண்டாம். அடிப்பக்க சென்சார்கள் அலைந்து மின்னும் தண்ணீரைப் பார்த்துக் குழம்பும். ஸ்போர்ட் மோடுக்கு மாற்றி, மூக்கைக் கரைக்கு நேராக வைத்து, ஸ்டிக்கை முழுவதும் தள்ளுங்கள். மேலே போட்ட அதே கணக்கில் 16-இலிருந்து 8 கழிந்தாலும் விநாடிக்கு 8 மீட்டர் மிச்சம், ஒரு கிலோமீட்டரை இரண்டு நிமிடச் சொச்சத்தில் வந்துவிடலாம். புறப்பட்ட இடத்துக்கே வர வேண்டும் என்பதும் இல்லை. எந்த மணல் அருகில் இருக்கிறதோ அங்கே இறக்கிவிட்டு நடந்து போய் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் ட்ரோன் கரைக்கு அருகில்தான் விழுந்தது என்கிறீர்கள். இதைச் செய்திருந்தால் அன்றே வந்து சேர்ந்திருக்கும்.

காற்றைப் பற்றிப் பேசும்போது ல மோர்னைச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் நீங்களும் ஒருநாள் அங்கே போகத்தான் போகிறீர்கள். கடலுக்கடியில் அருவி விழுவது போலத் தெரியும் அந்தக் காட்சி, மணலும் வண்டலும் ஆழத்துக்குச் சரிந்து ஓடுவதால் உண்டாகும் கண் மயக்கம். மேலிருந்து பார்த்தால்தான் தெரியும். ட்ரோன் வாங்கும் ஒவ்வொருவருக்கும் அது ஆசை. மலை 556 மீட்டர் உயரம், தீவின் தென்மேற்கு மூலையில் ஒற்றையாக நிற்கிறது. காற்று அதன் இரு பக்கமும் வளைந்து விரைகிறது. மலைக்குப் பின்னால் சுழல்கிறது. கைட் சர்ஃபிங் செய்பவர்கள் உலகம் முழுவதிலிருந்தும் அங்கே வருவது இந்தக் காற்றுக்காகத்தான். அவர்களுடைய பட்டங்களின் கயிறு மெல்லியது, ட்ரோன் கேமராவில் தெரியவே தெரியாது. அதோடு அந்த அருவியைக் காட்டுவதற்கென்றே சுற்றுலா ஹெலிகாப்டர்கள் அந்தப் பகுதியில் பறக்கின்றன. ஹெலிகாப்டர் சத்தம் கேட்டதும் யோசிக்காமல் உயரத்தைக் குறைத்து ஒதுங்க வேண்டும், வீடியோ போனால் போகட்டும். பழகத் தொடங்கியவர் போக வேண்டிய இடம் அது அல்ல. அங்கே ட்ரோனைத் தொலைத்துவிட்டு, மிஞ்சிய உதிரிப் பேட்டரியையும் சார்ஜரையும் என்னிடம் விற்க வந்தவர்கள் உண்டு.

இனி சவுக்கு மரம். ரிட்டர்ன் டு ஹோம் என்ன செய்கிறது என்று பாருங்கள். நீங்கள் முன்கூட்டி அமைத்த உயரத்துக்கு ஏறும், புறப்பட்ட புள்ளியை நோக்கி நேர்கோட்டில் வரும், இறங்கும். மினி 2 போன்ற மாடல்களுக்கு முன்பக்கத் தடை உணரும் சென்சார் இல்லை. வழியில் மரம் இருப்பது அதற்குத் தெரியாது. நம் கடற்கரைச் சவுக்கு 20 மீட்டரைத் தாண்டி வளர்வது. முதல் நாள் மைதானத்தில் வைத்த சின்ன எண் அப்படியே இருந்தால், மரத்தின் மேல்பாதிக்கு நேராகத்தான் வரும். சில மாடல்கள் புறப்பட்ட இடத்துக்கு மிக அருகில் இருக்கும்போது உயரம் ஏறாமல், இருக்கிற உயரத்திலேயே வரும் என்பதையும் கையேட்டில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு இடத்துக்குப் போனதும் அங்கே உள்ள மிக உயரமான மரம், கம்பம், கட்டடம் எது என்று பார்த்து, அதைவிட 10 அல்லது 15 மீட்டர் கூட்டி அந்த எண்ணை மாற்றுங்கள். அதற்கு மேல் வேண்டாம். எதற்கும் இருக்கட்டும் என்று 100 மீட்டர் வைத்தால் மேற்குக் கரையில் முன்சொன்ன காற்றில் போய் மாட்டும். இன்னொன்று: ட்ரோன் காட்டும் உயரம் புறப்பட்ட இடத்திலிருந்து கணக்கிடப்படுவது. அடிவாரத்தில் நின்று மலைச்சரிவை நோக்கி அனுப்பினால் திரையில் 60 மீட்டர் என்று இருக்கும், கீழே தரை உயர்ந்துகொண்டே வரும். கோர் த கார்த் அடிவாரத்து முருகன் கோவிலிலிருந்து மேல் நோக்கி அனுப்பிச் சரிவில் முட்டிய ட்ரோன்கள் இப்படித்தான் முட்டின.

ஹோம் பாயின்ட், அதாவது ட்ரோன் திரும்பி வர வேண்டிய இடம், பதிவாகிவிட்டது என்று ஆப் குரல் கொடுக்கும்வரை தூக்கவே வேண்டாம். அவசரப்பட்டுத் தூக்கினால், பறக்கும்போது எங்கே ஜிபிஎஸ் கிடைக்கிறதோ அந்த இடத்தைத்தான் அது வீடு என்று எடுத்துக்கொள்ளும்; அது தோப்பின் நடுவாகவும் இருக்கலாம். மரத்துக்குக் கீழேயிருந்து புறப்படுவதும் சரியில்லை. ஜிபிஎஸ் ஓரிரண்டு மீட்டர் அங்கே இங்கே விலகும், இறங்கும்போது கிளையில் உரசும்.

மாடியில் நடந்த முதல் விபத்துக்குக் காரணம் உங்கள் காலடியில் இருந்த கம்பி. 1960-இல் கேரல் புயல் அடித்து ஆயிரக்கணக்கான வீடுகளைச் சாய்த்த பிறகு இந்தத் தீவு தகரத்தையும் மரத்தையும் விட்டுக் கான்கிரீட்டுக்கு மாறியது. இன்றைக்கு நம் வீட்டு மாடித் தளம் ஒவ்வொன்றும் இரும்புக் கம்பி பின்னிய பலகை. ட்ரோனின் காந்தத் திசைகாட்டி அந்தக் கம்பியின்மேல் உட்கார்ந்தபடி வடக்கைத் தப்பாகப் படிக்கிறது. மேலே எழுந்ததும் ஜிபிஎஸ் ஒரு திசை சொல்ல, திசைகாட்டி வேறு திசை சொல்ல, இடத்தைத் திருத்தப் போகும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கோணலாகத் திருத்துகிறது. அதுதான் அந்த வட்டம். திருத்தத் திருத்தப் பெரிதாகும்.

இதைத் தூக்கும் முன்பே கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. ஆப்பில் வரைபடத்தைத் திறந்து, ட்ரோனைக் குறிக்கும் அம்பு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பாருங்கள். நிஜத்தில் ட்ரோனின் மூக்கு தெருவைப் பார்க்கிறது, திரையில் அம்பு பக்கத்து வீட்டைப் பார்க்கிறது என்றால் அங்கிருந்து தூக்கக் கூடாது. அங்கேயே நின்று திசைகாட்டியை அளவுதிருத்தம் செய்வது இன்னும் மோசம். தப்பான வடக்கையே அதற்குச் சொல்லிக்கொடுத்ததாகிவிடும். கீழே இறங்கி, கார், இரும்புக் கதவு, சாக்கடை மூடி எல்லாவற்றையும் விட்டுத் தள்ளி, மண் தரைக்குப் போங்கள். கரும்புத் தோட்டங்களில் கருங்கல்லைக் குவித்து வைத்திருக்கிறார்களே, அந்தக் குவியல்களின் மேலும் வைக்க வேண்டாம். எரிமலைப் பாறையில் காந்தத் தாது கலந்திருக்கும், திசைகாட்டி அதிலும் ஆடும். காற்றில் இருக்கும்போதே வட்டமடிக்க ஆரம்பித்துவிட்டால், ஸ்டிக்கை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்காமல், மெதுவாக எதிர்ப்பக்கம் தள்ளிக்கொண்டே திறந்த இடத்துக்குக் கொண்டுபோய் இறக்குங்கள்.

கைப்பழக்கம் என்று தனியாகச் சொல்ல அதிகமில்லை, ஆனால் அதற்கு நேரம் கொடுக்க வேண்டும். உங்கள் ஊர்க் கால்பந்து மைதானத்துக்கு விடிந்ததும் போங்கள். உள்நாட்டில் இரவு முழுவதும் தணிந்திருக்கும் காற்று, வெயில் ஏறிய பிறகுதான் தரைக்கு இறங்கும். முதலில் ட்ரோனின் வால் உங்களைப் பார்க்கும்படி வைத்துச் சதுரம் போடுங்கள். பிறகு மூக்கு உங்களைப் பார்க்கும்படி திருப்பி அதே சதுரம். இடதுபக்கம் தள்ளினால் உங்கள் வலதுபக்கம் போகும். சுவரிலும் ஆளிலும் மோதும் விபத்துகள் நடப்பது இந்த நேரத்தில்தான், ஆகவே கை தானாகத் திரும்பும்வரை இதை விடாதீர்கள். அப்புறம் எட்டு போடுங்கள். கோல் கம்பத்தைச் சுற்றி, கேமரா கம்பத்தையே பார்த்தபடி ஒரு வட்டம் வந்துவிட்டால் படம் எடுக்கத் தயாராகிவிட்டீர்கள். இறக்கும்போது நேர்கீழாக வேகமாக இறக்காதீர்கள். தன் இறக்கைகள் கீழே தள்ளிய காற்றிலேயே மூழ்கித் தள்ளாடும். கொஞ்சம் முன்னே நகர்ந்தபடி சாய்வாக இறக்குங்கள்.

இறக்கைகளை மாற்றும்போது குறி போட்டது குறி போட்ட மோட்டாருக்கு, குறியில்லாதது மற்றதற்கு. இது மாறினால் தூக்கிய நொடியில் குப்புறக் கவிழும். சவுக்கில் சிக்கிய ட்ரோன் என்பதால் உங்கள் இறக்கைகளின் ஓரத்தை நகத்தால் ஒருமுறை தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத சின்ன வெட்டு நகத்தில் தட்டும். தட்டினால் அந்த ஜோடியை எறிந்துவிட வேண்டும், ஒட்டவோ தேய்க்கவோ கூடாது.

கரும்பில் விழுந்தால் தேடுவது ஒரு தனி வேலை. அறுவடைக்கு முந்தைய மாதங்களில் கரும்பு ஆளை மறைக்கும் உயரத்தில் நிற்கும். உள்ளே பத்தடி போனதும் எந்தப் பக்கம் வந்தோம் என்றே தெரியாது. முதலில் ஆப்பில் கடைசியாகப் பதிந்த இடத்தைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, தோட்டக்காரரிடம் கேட்டுவிட்டு, முழுக்கைச் சட்டையோடு போங்கள். கரும்புச் சோகை கையை அறுக்கும். நுழையும் வரிசையின் முனையில் ஒரு துணியைக் கட்டிவிட்டு, ஒவ்வொரு வரிசையாகப் போய் வாருங்கள். ட்ரோனை பீப் அடிக்கச் சொல்லும் வசதி ஆப்பில் உண்டு, ஆனால் விழுந்த வேகத்தில் பேட்டரி கழன்றிருந்தால் சத்தம் வராது. கரும்பின் தலையில் தோகை ஓரிடத்தில் மட்டும் மடங்கியிருக்கிறதா என்று, அருகில் பாறைக்குவியல் இருந்தால் அதன்மேல் ஏறி நின்று பாருங்கள். பெரும்பாலும் அந்த மடிப்புக்கு நேர்கீழே தரைவரை போகாமல் சோகையில் தொங்கிக்கொண்டிருக்கும்.

பறவைகளைப் பற்றி ஒரு வார்த்தை. பாறைச் சரிவுகளில் கூடு கட்டும் நீண்ட வெள்ளை வால் கடற்பறவை, பாய்யாங்கே என்கிறோமே, அது ட்ரோனைச் சுற்றிவந்து விரட்டும். மொரீஷியஸ் வல்லூறு 1974-இல் காட்டில் நான்கே நான்கு மிஞ்சி, பிறகு பலருடைய உழைப்பால் மீண்ட இனம். அது கூடு கட்டும் மலைக்காடுகளில் நம் பொழுதுபோக்குக்காக ஒரு கூட்டைக்கூடக் கலைக்கக் கூடாது. பறவை நெருங்கினால் மேலே ஏறி விலகி வந்துவிடுங்கள். பொழுது சாய்ந்ததும் பழந்தின்னி வௌவால்கள் கிளம்பும். அதற்குள் ட்ரோன் பைக்குள் இருக்க வேண்டும்.

விதிகளைச் சிவில் விமானப் போக்குவரத்துத் துறை வெளியிட்ட வடிவிலேயே, பறக்கவிடும் முன் ஒருமுறை நேராகப் படியுங்கள். அவை மாறுகின்றன, யாரோ சொன்னதை நம்ப வேண்டாம். ப்ளெசான்ஸ் விமான நிலையத்தின் பக்கம் தலைகாட்டவே வேண்டாம். கண்ணுக்கு எட்டும் தூரத்தைத் தாண்டி அனுப்ப வேண்டாம்.

படத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை என்றாலும் ஒன்று சொல்கிறேன். நம் கடலின் வெளிச்சம் மிகக் கடுமை. உங்கள் கேமராவின் துளையை மாற்ற முடியாது. வெளிச்சத்தைக் குறைக்க ஷட்டர் ஆயிரத்தில் ஒரு விநாடிக்கு ஓடிவிடும், வீடியோ வெட்டி வெட்டித் தெரியும். வெளிச்சத்தை மட்டுப்படுத்தும் கருங்கண்ணாடியான என்டி ஃபில்டர் ஒன்று போட்டு, விநாடிக்கு 25 ஃப்ரேம் என்றால் ஷட்டரை 1/50-க்குக் கொண்டுவாருங்கள். அசைவு கண்ணுக்கு இதமாகிவிடும். காலை எட்டு மணிக்கு முன் எடுத்தால் பாதிச் சிக்கல் வராது.

கடைசியாகக் காவடி. இங்கே நான் கொஞ்சம் கண்டிப்பாகத்தான் சொல்வேன். கடலில் விழுந்து எடுத்த ட்ரோன் இப்போது நன்றாகப் பறக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். உப்புத் தண்ணீர் அன்றைக்கே வேலையைக் காட்டாது. சர்க்யூட் பலகையிலும், கேமராவை ஆடாமல் தாங்கும் கிம்பலின் இணைப்பிலும் பச்சை பூத்து, சில வாரம் கழித்து, பறந்துகொண்டிருக்கும்போது ஒரு மோட்டார் நிற்கும். விழுந்த உடனே பேட்டரியைக் கழற்றி, நல்ல தண்ணீரில் அலசி, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் கழுவி, நாட்கணக்கில் உலர்த்தியிருந்தால்கூட நான் அதை நம்ப மாட்டேன். அந்தப் பேட்டரியை இனி சார்ஜ் போடவே கூடாது. வீட்டுக்குள்ளும் வைக்காதீர்கள், லித்தியம் பேட்டரி உள்ளே உப்பு போய்ப் பிறகு தீப்பிடிக்கலாம். மணல் நிரப்பிய வாளியில் வெளியே வைத்து, மின்கழிவு எடுப்பவர்களிடம் கொடுத்துவிடுங்கள். அந்த ட்ரோனை, வேறு பேட்டரி போட்டு, ஆளில்லாத மைதானத்தில் பழகுவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

காவடி எடுப்பவர் நாக்கிலும் உடம்பிலும் அலகு குத்தியபடி, விரதமிருந்த களைப்போடு, வெறுங்காலில் வெயிலில் நடக்கிறார். அவர் தலைக்கு மேலே 249 கிராம் என்றாலும் நான்கு இறக்கை சுழலும் பொருள் ஒன்று நிற்கக் கூடாது. நல்ல ட்ரோன், நல்ல கை, காற்றில்லாத நாள் எல்லாம் இருந்தாலும் கூடாது. ஆற்றங்கரையில் பூசை தொடங்கி ஊர்வலம் கிளம்பும் இடத்துக்கு எதிரே, ஆளில்லாத பக்கமாக நின்று, சாய்வாகத் தூரத்திலிருந்து எடுங்கள். காவடிகளின் பூவும் மயிலிறகும் சாலை வளைவில் நீளமாகத் தெரிவது அந்தக் கோணத்தில்தான், நேர்மேலிருந்து பார்த்தால் வெறும் தலைகள். கோவில் நிர்வாகத்திடமும் ஊர்க் காவல்நிலையத்திலும் சில வாரம் முன்பே போய்ப் பேசி, எங்கே நிற்பீர்கள் என்று காட்டிச் சம்மதம் வாங்குங்கள். வேண்டாம் என்று சொன்னால், முந்தின நாள் காலையில் வெறும் கோவிலையும் கோபுரத்தையும் ஆற்றையும் அனுமதியோடு மேலிருந்து எடுத்துக்கொண்டு, ஊர்வலத்தைத் தரையில் நடந்தபடி கைப்பேசியில் எடுங்கள். இரண்டையும் சேர்த்து வெட்டினால் நல்ல படம் வரும். வெட்டும்போது சந்தேகம் வந்தால் மறுபடி இங்கேயே கேளுங்கள்.